முதல் ஆய்வுக் கட்டுரை: எந்தக் கட்டத்தில் எந்த நெறி

ஆய்விதழில் வெளிவந்த ஒரு கட்டுரை திரும்பப் பெறப்படும்போது, தவறு எங்கே தொடங்கியது என்று பின்னோக்கித் தேடினால், அது கட்டுரையை அனுப்பிய நாளாகப் பெரும்பாலும் இருக்காது. யார் பெயர் வரும் என்று பேசாமல் விட்ட நாளாக இருக்கும். நெறிக்குழு அனுமதி கைக்கு வருமுன் முதல் வினாத்தாளை நீட்டிய நாளாக இருக்கும். ஒரு நூலின் பத்தியைப் பக்க எண் போடாமல் நோட்டில் எழுதி வைத்த நாளாகவும் இருக்கலாம். ஆகவே இந்த வழிகாட்டி வேலை நடக்கும் வரிசையிலேயே போகிறது. இந்தியப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டத்துக்குப் பதிந்து, முதல் கட்டுரையை எழுதத் தொடங்கும் ஆய்வாளரை மனத்தில் வைத்து எழுதியது இது. அறிவியல் துறையினருக்கும் தமிழியல் துறையினருக்கும் சேர்த்தே எழுதியிருக்கிறோம்.

1. வேலை தொடங்குமுன்: பெயர்கள்

ஆசிரியர் பெயரில் வரும் சண்டைதான் கட்டுரைகளைச் சுற்றி நடக்கும் சண்டைகளிலேயே அதிகக் கசப்பானது. மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு நான்கு அளவுகோல்களை வைத்திருக்கிறது. மருத்துவம் அல்லாத துறைகளும் அவற்றை ஏற்கின்றன. ஒன்று, ஆய்வின் திட்டத்திலோ தரவு திரட்டலிலோ பகுப்பாய்விலோ கணிசமான பங்கு. இரண்டு, கட்டுரையை எழுதியிருக்க வேண்டும், அல்லது அதன் கருத்தைத் திருத்தும் அளவுக்கு வாசித்துச் செப்பனிட்டிருக்க வேண்டும். மூன்று, அச்சுக்குப் போகும் இறுதி வடிவத்துக்கு ஒப்புதல். நான்கு, கட்டுரை முழுவதற்கும் பொறுப்பேற்கச் சம்மதம். நான்கும் இருந்தால்தான் ஆசிரியர். முதல் அளவுகோலை நிறைவுசெய்தவருக்கு மற்ற மூன்றையும் செய்ய வாய்ப்புத் தர வேண்டும். கையெழுத்துப்படியைக் காட்டாமலே இருந்துவிட்டு, "அவர் எழுதவில்லை, அதனால் பெயர் இல்லை" என்று சொல்வது நேர்மையல்ல.

நிதி வாங்கித் தந்தது, ஆய்வகத்தைத் திறந்துவிட்டது, துறைத்தலைவராக இருப்பது ஆகியவை மட்டும் ஒருவரை ஆசிரியராக்காது. அவர்களுக்கு உரிய இடம் நன்றியுரை. நன்றியுரையில் பெயர் சேர்ப்பதற்கும் அவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும், ஏனென்றால் பெயரைப் பார்ப்பவர் முடிவுகளையும் அவர் ஏற்றுக்கொண்டார் என்றே நினைப்பார்.

நம் துறைகளில் இதைப் பேசுவது கடினம் என்பது தெரிந்ததுதான். நெறியாளரிடம் "உங்கள் பெயர் வருமா?" என்று கேட்க யாருக்கும் வாய் வராது. கேள்வியை மாற்றிப் போடுங்கள்: "ஐயா, இந்தக் கட்டுரையில் யார் யார் என்ன செய்யப்போகிறோம் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளலாமா? இதழில் பங்களிப்பு விவரம் கேட்கிறார்கள்." இது உண்மையும்கூட. பல இதழ்கள் 14 வகைப் பங்களிப்புகள் கொண்ட 'கிரெடிட்' பட்டியலை நிரப்பச் சொல்கின்றன. கருத்தாக்கம், முறையியல், தரவு திரட்டல், முதல் வரைவு, மேற்பார்வை என்று அது பிரிந்து போகும். அந்த அட்டவணையை முதல் வாரத்திலேயே நிரப்பி, தேதி போட்டு, எல்லாருக்கும் மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். வேலை மாறினால் அட்டவணையையும் மாற்றி மறுபடி அனுப்புங்கள். இரண்டு ஆண்டு கழித்து ஒரு பெயர் முளைக்கும்போது அந்த மின்னஞ்சல்தான் பேசும்.

பொறுப்பேற்பது என்ற நான்காவது அளவுகோலைச் சடங்காக நினைப்பவர்கள் 2020-ஐ நினைத்துப் பார்க்கலாம். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மருந்து பற்றி மே 22 அன்று 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. ஏறத்தாழ 96,000 கோவிட் நோயாளிகளின் தரவு என்று சொன்னது. தரவைத் தந்தது சர்ஜிஸ்ஃபியர் என்ற நிறுவனம். கேள்விகள் எழுந்து, மூலத் தரவைச் சுதந்திரமாகச் சரிபார்க்க முயன்றபோது அது கிடைக்கவில்லை. ஜூன் 4 அன்று நான்கு ஆசிரியர்களில் மூவர் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். உங்கள் பெயர் இருக்கும் கட்டுரையின் மூலத் தரவை ஒருமுறையாவது நீங்கள் திறந்து பார்த்திருக்க வேண்டும்.

2. அனுமதிகள்

மனிதர்களிடம் தரவு திரட்டினால் நிறுவன நெறிக்குழுவின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். பின்தேதியிட்ட அனுமதி செல்லாது. வேலையை முடித்துவிட்டு 'சான்று வாங்கிக்கொள்ளலாம்' என்று நினைத்தவர்களுக்கு இதழ் கதவை மூடிவிடும், அந்தத் தரவை மீட்க வழியும் கிடையாது. 18 வயதுக்குட்பட்டவர்கள் என்றால் பெற்றோரின் ஒப்புதல் தேவை. 7 வயதிலிருந்து பிள்ளையின் இசைவும் தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறை. மருத்துவச் சோதனை என்றால் முதல் பங்கேற்பாளரைச் சேர்க்குமுன்பே இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிய வேண்டும். 2018 ஏப்ரல் 1 முதல் அங்கே தாமதப் பதிவுக்கு இடமில்லை.

நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்கள் இதெல்லாம் மருத்துவர்களுக்கு என்று கடந்துவிடுகிறார்கள். ஒப்பாரி பாடிய பாட்டியும், கதை சொன்ன பெரியவரும் தகவலாளர்கள்தான். ஒலிப்பதிவின் தொடக்கத்திலேயே நீங்கள் யார், எதற்காகப் பதிகிறீர்கள், பெயர் அச்சில் வரலாமா, வேண்டாமா என்று கேட்டு, அவர்கள் வாயாலேயே பதில் வாங்குங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் கைநாட்டு வாங்குவதைவிட இது நேர்மையானது. கைநாட்டும் கட்டாயம் என்று குழு சொன்னால், சாட்சி ஒருவர் முன்னிலையில் படித்துக் காட்டிய பிறகே வாங்குங்கள்.

3. தரவும் படங்களும்

மூலக் கோப்பைத் தொடாதீர்கள். கருவியிலிருந்து வந்ததை அப்படியே ஒரு கோப்புறையில் பூட்டி வைத்து, பிரதியில் வேலை செய்யுங்கள். ஒரு மதிப்பை விலக்கினால், விலக்கியதற்கான விதியைப் பகுப்பாய்வுக்கு முன்பே எழுதி வையுங்கள். முடிவைப் பார்த்த பிறகு விதி எழுதினால் அது ஜோடனை.

படங்களில் நடக்கும் தவறு பலருக்குத் தவறாகவே தெரிவதில்லை. வெளிச்சம், மாறுபாடு ஆகியவற்றைப் படம் முழுவதற்கும் ஒரே அளவில் மாற்றலாம். புரதத்தையோ டிஎன்ஏவையோ பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் ஜெல் படத்தில் ஒரு பட்டையை மட்டும் கருப்பாக்குவதும், பின்னணியில் இருந்த அழுக்கை அழிப்பதும் கூடாது. இரண்டு ஜெல் படங்களை ஒட்டினால் நடுவில் கோடு போட்டு, விளக்கத்தில் அதைச் சொல்ல வேண்டும். நுண்ணுயிரியலாளர் எலிசபெத் பிக்கும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 2016-இல் 20,621 கட்டுரைகளின் படங்களைக் கண்ணால் சோதித்தபோது 3.8 சதவீதத்தில் ஒரே படம் வேறு பெயரில் மீண்டும் வருவது போன்ற சிக்கல்கள் இருந்தன. அவை எல்லாமே மோசடி என்று சொல்ல முடியாது. 'படம்1_புதியது_கடைசி' என்று பெயரிட்ட கோப்புகளும் இப்படித்தான் குழப்பும். கோப்புப் பெயரில் தேதி, மாதிரி எண், கருவி மூன்றும் இருக்கட்டும்.

4. எழுதும்போது

குறிப்பெடுக்கும் நோட்டில் மூன்று நிறம் வைத்துக்கொள்ளுங்கள். நூலில் உள்ள சொற்கள் அப்படியே என்றால் ஒரு நிறம், அவர் கருத்து உங்கள் சொல்லில் என்றால் இன்னொன்று, உங்கள் சொந்தக் கருத்து என்றால் மூன்றாவது. முதல் இரண்டுக்கும் பக்க எண் கட்டாயம். ஆறு மாதம் கழித்து நோட்டைப் புரட்டும்போது எது யாருடைய வாக்கியம் என்று உங்களுக்கே தெரியாது. தெரியாமல் நடந்த திருட்டு என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது.

தமிழியல் ஆய்வில் தனியாகச் சில குழிகள் உண்டு.

பாட்டை மேற்கோள் காட்டுவது திருட்டல்ல, உரையைத் தன் சொல்போல எழுதுவது திருட்டு. புறநானூற்றுப் பாட்டுக்குப் பொருள் எழுதும்போது, அந்தப் பொருள் ஔவை துரைசாமிப் பிள்ளை உரையிலிருந்து வந்ததா, வேறு உரையிலிருந்தா, நீங்களே கண்டதா என்பது வாசகருக்குத் தெரிய வேண்டும்.

பாராத மூலத்தைப் பார்த்ததாகக் காட்டாதீர்கள். ஒரு கட்டுரையின் அடிக்குறிப்பை அப்படியே எடுத்துத் தன் அடிக்குறிப்பாக்குவது பரவலாக நடக்கிறது. இது பிடிபடும். புறநானூற்றின் பழைய உரை முதல் 266 பாட்டுகளுக்கே கிடைக்கிறது. 300-ஆம் பாட்டுக்குப் 'பழைய உரைகாரர் கூறுவது' என்று எழுதினால், எழுதியவர் நூலைத் திறக்கவில்லை என்பது மதிப்பாய்வாளருக்கு அந்த வரியிலேயே தெரிந்துவிடும். இன்னொருவர் வழியாகத்தான் பார்த்தீர்கள் என்றால் 'மேற்கோள்: இன்னார், பக்கம் இத்தனை' என்று எழுதுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. எந்தப் பதிப்பு என்பதையும் சொல்லுங்கள். உ.வே.சா.வின் 1894 புறநானூற்றுப் பதிப்பில் உள்ள பாடமும் பிற்காலப் பதிப்பு ஒன்றில் உள்ள பாடமும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்கித் தன் பெயரில் போடுவதும் திருட்டுத்தான். ஒப்புமை தேடும் மென்பொருளுக்குத் தெரியாது என்பது அதைச் சரியாக்காது.

சொந்தக் கட்டுரையிலிருந்து எடுப்பதற்கும் இதே விதி. முன்பு வெளியிட்டதைக் குறிப்பிடாமல் மீண்டும் பயன்படுத்துவதைப் பல்கலைக்கழக மானியக் குழு 2020-இல் தனி அறிவிப்பிலேயே ஏற்கவியலாது என்றது. ஒரே ஆய்வை நான்கு துண்டாக்கி நான்கு கட்டுரையாக்கும் பழக்கமும் இதை ஒட்டியதே. ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இரண்டாவது கட்டுரையை வாசிப்பவர் முதலாவதை வாசிக்காமல் முடிவைத் தவறாகப் புரிந்துகொள்வாரா? ஆம் என்றால் இரண்டும் ஒரே கட்டுரை.

5. ஒப்புமைச் சோதனை

உங்கள் உரை பிறர் எழுதியதோடு எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது என்று மென்பொருளில் பார்ப்பதே ஒப்புமைச் சோதனை. அந்தச் சதவீதத்தை வைத்து மானியக் குழுவின் 2018 ஒழுங்குமுறை நான்கு நிலைகளைச் சொல்கிறது. 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை முதல் நிலை, 40-க்கு மேல் 60 வரை இரண்டாம் நிலை, 60-க்கு மேல் மூன்றாம் நிலை. ஆய்வேட்டில் முதல் நிலை என்றால் 6 மாதத்துக்கு மிகாத கெடுவுக்குள் திருத்தித் தர வேண்டும். இரண்டாம் நிலைக்கு ஓராண்டு வரை திருத்திய ஏட்டைத் தர முடியாது. மூன்றாம் நிலையில் பதிவே ரத்து. வெளியான கட்டுரை என்றால் மூன்று நிலைக்கும் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும். இரண்டாம் நிலையில் ஓர் ஆண்டு ஊதிய உயர்வு போகும், 2 ஆண்டு புதிய ஆய்வாளர்களை எடுக்க முடியாது. மூன்றாம் நிலையில் அடுத்தடுத்து 2 ஊதிய உயர்வு, 3 ஆண்டு தடை.

சோதனையை ஓட்டும்போது மேற்கோள்கள், நூற்பட்டியல், நன்றியுரை, பொருளடக்கம் ஆகியவற்றை விலக்குங்கள். பொதுவான சொற்றொடர்கள் 14 தொடர்ச்சியான சொற்கள் வரை ஒத்துப்போனாலும் விலக்கு உண்டு. பிறகு எண்ணைப் பாராமல் அறிக்கையை வரிவரியாகப் பாருங்கள். 18 சதவீதம் வந்து, அது முழுவதும் செய்முறைப் பகுதியின் வழக்கமான வாக்கியங்களாகவும் இருக்கலாம். 7 சதவீதம் வந்து, அது முழுவதும் ஒருவருடைய முடிவுரைப் பத்தியாகவும் இருக்கலாம். இரண்டாவதுதான் ஆபத்து. 10 சதவீதம் திருட அனுமதி என்று யாரும் எழுதவில்லை.

தமிழ்க் கட்டுரைக்கு ஒரு முக்கிய எச்சரிக்கை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட கோப்பு, கணினிக்குள் ரோமன் எழுத்துகளாகவே கிடக்கிறது. ஒருங்குறியில் (யூனிகோடில்) இருக்கும் தமிழ் உரைகளோடு அது எதிலும் பொருந்தாது. சோதனை 0 சதவீதம் காட்டும். அந்தச் சான்று எதையும் நிரூபிக்கவில்லை. ஒருங்குறிக்கு மாற்றி, எழுத்துப் பிழைகளைச் சரிபார்த்த பிறகே சோதியுங்கள். அச்சு நூல்களில் பெரும்பகுதி இன்னும் தேடக்கூடிய உரையாக இணையத்தில் இல்லை என்பதையும் நெறியாளர்கள் மனத்தில் வைக்க வேண்டும். தமிழில் மென்பொருள் சொல்வது கீழ்வரம்பு மட்டுமே.

சதவீதத்தைக் குறைக்கச் சொல்மாற்றும் மென்பொருளில் போடுவது திருட்டை மறைக்கும் வேலை. அதுவும் தடயம் விடும். கணினி அறிவியலாளர் கியோம் கபனாக்கும் இன்னும் இருவரும் 2021-இல் இப்படிப்பட்ட 'சித்திரவதைச் சொற்றொடர்'களைப் பட்டியலிட்டார்கள். 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' என்பது 'கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்' ஆகியிருந்தது. அவற்றைத் தேடும் கருவி இன்று வெளியான கட்டுரைகளைச் சலித்துக்கொண்டே இருக்கிறது.

6. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள்

சாட்ஜிபிடி ஆசிரியராக முடியாது, ஏனென்றால் அது பொறுப்பேற்க முடியாது. 2023 தொடக்கத்திலிருந்து முக்கிய இதழ்களும், 'கோப்' எனப்படும் பதிப்பு நெறிக்குழுவும் இதைத்தான் சொல்கின்றன. மொழி திருத்தப் பயன்படுத்தினால் கருவியின் பெயர், பதிப்பு, எந்த வேலைக்கு என்பதை இதழ் சொல்லும் இடத்தில் எழுதுங்கள். படம் வரையப் பயன்படுத்துமுன் இதழின் விதியைப் படியுங்கள், பல இதழ்கள் தடுக்கின்றன. 2024 பிப்ரவரியில் கருவி வரைந்த எலியின் உடற்கூறு படம் மதிப்பாய்வையும் தாண்டி அச்சாகி, சில நாளில் கட்டுரையே திரும்பப் பெறப்பட்டது. கருவி தந்த மேற்கோள் ஒவ்வொன்றையும் அதன் டிஓஐ எண்ணை (கட்டுரைக்குரிய நிலையான இணைய அடையாள எண்) திறந்து, தலைப்பும் ஆண்டும் ஆசிரியரும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். இல்லாத கட்டுரைக்கு உண்மையான டிஓஐ எண்ணை ஒட்டித் தருவது இக்கருவிகளின் வழக்கம்.

7. இதழைத் தேர்ந்தெடுத்தல்

பட்டியல் ஒன்றை நம்பியிருந்த காலம் போய்விட்டது. ஏற்கத்தக்க இதழ்களைச் சொன்ன மானியக் குழுவின் கேர் பட்டியல் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. 'கேர் பட்டியல் இதழ்' என்று இன்றும் வாட்ஸ்அப்பில் வரும் விளம்பரம், அதனாலேயே சந்தேகத்துக்குரியது. இனி சோதிப்பது உங்கள் வேலை. அரை மணி நேரம் போதும்.

இதழ்களுக்குத் தரப்படும் ஐஎஸ்எஸ்என் எண் எட்டு இலக்கம். பன்னாட்டு ஐஎஸ்எஸ்என் தளத்தில் போட்டு, இதழின் பெயரும் நாடும் பொருந்துகின்றனவா பாருங்கள். அந்த எண் அடையாள எண் மட்டுமே, தரச்சான்று அல்ல. ஆய்விதழ்களைத் தொகுக்கும் தரவுத்தளமான ஸ்கோபஸில் உள்ளது என்று சொன்னால் ஸ்கோபஸின் சொந்தப் பட்டியலில் தேடி, எந்த ஆண்டு வரை சேர்க்கப்பட்டுள்ளது என்று பாருங்கள். நீக்கப்பட்ட இதழ்கள் பழைய பெருமையைத் தளத்தில் விட்டு வைத்திருக்கும். இம்பாக்ட் ஃபேக்டர் என்பது, இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோளாகின்றன என்று கிளாரிவேட் நிறுவனம் தரும் அளவீடு. அதைப் போன்ற பெயரில் வேறு எண்களைக் காட்டினால் விலகுங்கள். கோப் உறுப்பினர் என்று முத்திரை போட்டிருந்தால் கோப் தளத்தின் உறுப்பினர் பட்டியலில் தேடுங்கள்.

கடத்தப்பட்ட இதழ்கள் இன்னும் கொடியவை. உண்மையான இதழின் பெயர், ஐஎஸ்எஸ்என் இரண்டையும் எடுத்துப் போலித் தளம் கட்டிவிடுகிறார்கள். கூகுளில் முதலில் வரும் தளத்துக்குப் பணம் கட்டாதீர்கள். ஸ்கோபஸ் அல்லது ஐஎஸ்எஸ்என் பதிவு காட்டும் முகவரி வழியாகவே போங்கள்.

கடைசியாக, அந்த இதழில் வந்த மூன்று கட்டுரைகளை வாசியுங்கள். பெற்ற நாளும் ஏற்ற நாளும் போட்டிருப்பார்கள். இடைவெளி மூன்று நாள் என்றால் மதிப்பாய்வு நடக்கவில்லை. பெரிய பதிப்பகத்தின் பெயரும் காப்பாற்றாது: வைலி வாங்கிய ஹிந்தாவி இதழ்கள் 2023-இல் மட்டும் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றன. பெரும்பாலானவை விருந்தினர் ஆசிரியர்கள் நடத்திய சிறப்பிதழ்களில் வந்தவை. அவற்றில் நேர்மையாக எழுதியவர்களின் கட்டுரைக்கும் அந்த நிழல் விழுந்தது.

பணம் வாங்கி ஆசிரியர் வரிசையில் இடம் தரும் முகவர்களிடம் பேச்சே வேண்டாம். அந்தக் கட்டுரையைத் தயாரித்தவர் அதையே வேறு பெயரில் இன்னொருவருக்கும் விற்கிறார்.

8. அனுப்பும் நாள்

ஒரு நேரத்தில் ஓர் இதழ். பதில் தாமதமானால் இதழாசிரியருக்கு எழுதிக் கேளுங்கள். விலக்கிக்கொள்வதானால் எழுத்தில் கேட்டு, அவர்கள் உறுதிசெய்த பிறகே அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். இரண்டு இதழ்களின் மதிப்பாய்வாளராக ஒரே பேராசிரியர் வாய்ப்பது சிறிய துறைகளில் அடிக்கடி நடக்கும்.

கட்டுரையோடு அனுப்பும் உறைக்கடிதத்தில் சொல்ல வேண்டியவை: ஆய்வேட்டின் பகுதி என்றால் அதையும், இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் ஏற்றப்பட்டிருப்பதையும், கருத்தரங்க மலரில் சுருக்கம் வந்திருந்தால் அதையும், மதிப்பாய்வுக்கு முன்பே முன்பதிப்பாக இணையத்தில் போட்டிருந்தால் அதையும். நீங்களே சொன்னால் தகவல், அவர்கள் கண்டுபிடித்தால் குற்றச்சாட்டு. முடிவுகளைச் சாயவைக்கக்கூடிய தொடர்புகளைக் கேட்கும் நல முரண் படிவத்தில் நிதி, ஊதியம், பங்கு, காப்புரிமை எல்லாம் வரும். மருத்துவ இதழ்களின் பொதுப் படிவம் கடந்த 36 மாதங்களைக் கேட்கிறது. ஒன்றுமில்லை என்றாலும் 'இல்லை' என்று எழுத வேண்டும்.

மதிப்பாய்வாளர் பெயர் பரிந்துரைக்கச் சொன்னால் உடன் எழுதியவர், ஒரே நிறுவனத்தவர், நெறியாளரின் நெறியாளர் ஆகியோரைத் தவிருங்கள். நிறுவன மின்னஞ்சலையே கொடுங்கள். 2014-இல் சேஜ் பதிப்பகம் ஒரே இதழில் 60 கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது, பொய்க் கணக்குகள் வழியாகத் தங்களுக்குள்ளேயே மதிப்பாய்வு செய்துகொண்ட வலை ஒன்று பிடிபட்டதால். இதழ்த் தளத்தின் கடவுச்சொல்லைத் தட்டச்சு நிலையத்துக்கோ 'வெளியீட்டு உதவி' செய்பவருக்கோ தராதீர்கள். உங்கள் பெயரில் என்ன போகிறது என்பது பிறகு உங்கள் கையில் இல்லை.

9. மதிப்பாய்வு நடக்கும்போது

ஒவ்வொரு குறிப்புக்கும் எண்ணிட்டுப் பதில் எழுதுங்கள். ஏற்க முடியாததை ஏன் என்று சொல்லி மறுக்கலாம். தொடர்பில்லாத தன் கட்டுரைகள் ஐந்தை மேற்கோள் காட்டச் சொல்லும் மதிப்பாய்வாளர் வாய்த்தால், சண்டை வேண்டாம். "இவை எங்கள் வாதத்துக்கு எப்படிப் பொருந்துகின்றன என்பது விளங்கவில்லை, இதழாசிரியர் வழிகாட்டக் கோருகிறோம்" என்று இதழாசிரியருக்குத் தனியாக எழுதுங்கள். இந்த நிலையில் பெயர் சேர்க்கவோ நீக்கவோ வேண்டுமானால் நீக்கப்படுபவர் உட்பட எல்லா ஆசிரியர்களின் எழுத்துச் சம்மதமும், காரணமும் தேவை. ஏற்கப்பட்ட பிறகு புதுப் பெயர் சேர்ப்பது, பெயர் விற்பனையின் அறிகுறியாகவே இன்று பார்க்கப்படுகிறது.

நீங்களே மதிப்பாய்வாளரானால், கையெழுத்துப்படி உங்களுடையது அல்ல. மாணவரிடம் கொடுத்து எழுதி வாங்கினால் அவர் பெயரை இதழாசிரியரிடம் சொல்லுங்கள். செயற்கை நுண்ணறிவுத் தளத்தில் அதை ஏற்றாதீர்கள்.

10. வெளிவந்த பிறகு

தவறு கண்டால் முதலில் உடன் ஆசிரியர்களுக்கு, உடனே இதழாசிரியருக்கு. முடிவு மாறாத பிழைக்குத் திருத்தக் குறிப்பு போதும். முடிவே நிற்காது என்றால் திரும்பப் பெறல். திரும்பப் பெற்றால் வாழ்க்கை முடிந்தது என்ற பயத்தில்தான் பலர் மறைக்கிறார்கள். 2018-இல் வேதியியல் நோபல் பெற்ற பிரான்சிஸ் ஆர்னால்டு, 2019-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த தம் கட்டுரையின் முடிவுகளை மறுபடி பெற முடியவில்லை என்று கண்டு, 2020 ஜனவரி 2 அன்று தாமே அதைத் திரும்பப் பெற்றதை அறிவித்தார். ஆய்வகக் குறிப்பேட்டில் முக்கியமான சோதனைகளுக்குரிய மூலத் தரவு இல்லை என்பதையும் அந்த அறிவிப்பே சொன்னது. அவர் மதிப்பு குறையவில்லை.

உங்கள் கட்டுரையை வேறொருவர் திருடியிருந்தால், முகநூலில் எழுதுமுன் ஓர் அட்டவணை தயாரியுங்கள். இடது பக்கம் உங்கள் வரி, பக்க எண், வெளியான தேதி. வலது பக்கம் அவர் வரி, பக்க எண், தேதி. தீர்ப்புச் சொற்கள் எதுவும் வேண்டாம். அதை அந்த இதழின் ஆசிரியருக்கு அனுப்பி, உங்கள் இதழின் ஆசிரியருக்கும் நகல் வையுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால் பதிப்பகத்துக்கு எழுதுங்கள். இதழ் கோப் உறுப்பினராக இருந்து, தன் சொந்தப் புகார் நடைமுறையையே பின்பற்றாவிட்டால் கோப் அமைப்பிடம் முறையிடலாம். திருடியவர் பணிபுரியும் பல்கலைக்கழகத்தில் ஒழுங்குமுறைப்படி துறை அளவிலும் நிறுவன அளவிலும் கல்வி நேர்மைக் குழுக்கள் இருக்க வேண்டும். அதே அட்டவணையை அங்கேயும் பதிவஞ்சலில் அனுப்பி, ஒப்புகைச் சீட்டை வைத்துக்கொள்ளுங்கள்.